கோமாதாவின் வாலை விலக்கிப் பாருங்கள்: கொழும்பு ஆலய அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர் சபையினருக்கும், குருக்கள் ஐயாமாருக்கும், தாய் தகப்பன் நினைவாகக் கோதானம் செய்யும் அன்பர்களுக்கும் வணக்கம்.

முப்பத்தொரு வருடம் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்தவன் நான். முதலில் வடக்கில், பிறகு மலைநாட்டில். சினை ஊசி போடுவதும், அதாவது காளை இல்லாமல் குழாயால் விந்து செலுத்துவதும், ஊசி நின்று மாடு சினையானதா என்று உள்ளே கையை விட்டுப் பார்ப்பதும்தான் என் தொழிலில் பாதி. இப்போது ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறேன். மாட்டோடு வாழ்ந்தவனுக்கு மாடு பார்க்காமல் இருக்க முடியாது. இந்த நகரத்தில் அதற்கு எனக்கு இருக்கிற இடம் உங்கள் ஆலயங்கள்தான். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனாலும் சரி, முகத்துவாரப் பக்கம் போனாலும் சரி, சாமி கும்பிட்ட பிறகு பின்வீதியில் கொட்டில் இருக்கிறதா என்று என் கால் தானாகப் போகும்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. எந்த ஆலயம் என்று எழுதமாட்டேன். கோபூசை நடந்தது. மூன்று வயது மதிக்கத்தக்க நாகு, அதாவது இன்னும் கன்று ஈனாத இளம் பசு. ஜேர்சிக் கலப்பு, மான் நிறம், மூக்கைச் சுற்றி வெள்ளை வளையம். கழுத்தில் செவ்வந்தி மாலை. பசுவின் பின்புறத்தில் இலட்சுமி இருக்கிறாள் என்பது நம் நம்பிக்கை. அதனால் குருக்கள் ஐயா முறைப்படி பின்புறத்துக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். வரிசையில் நின்ற தாய்மார் ஒவ்வொருவராக அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா வால்மயிரில் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று கைலேஞ்சியை எடுத்துத் துடைத்துவிட்டார். முட்டை வெள்ளைக்கரு போல, கண்ணாடிபோல் தெளிந்து, நூலாக நீண்ட வழும்பு. குங்குமம் அதில் கரைந்து சிவப்பாக இறங்கியிருந்தது.

கொட்டிலைப் பார்க்கும் தம்பி ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. அவனிடம் கேட்டேன். "நேத்து ராத்திரி முழுக்கக் கத்திக்கிட்டே இருந்துச்சுங்க ஐயா. திங்கவும் இல்ல. கண்ணூறுன்னு சொல்லிக் கறுப்புக் கயிறு கட்டினாங்க" என்றான்.

அந்த நாகுவுக்குக் கண்ணூறு இல்லை. அது கன்றுக்கு வந்திருந்தது. எழுத்தில் சினைப்பருவம் என்போம். கொட்டிலில் நிற்பவர்களுக்கு "மாடு கத்துது" என்றால் போதும். நான் அங்கே நின்ற ஒரு சபை உறுப்பினரிடம் சொன்னேன், இன்று பின்னேரத்துக்குள் ஊசி போடவேண்டும், கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு இப்போதே சொல்லுங்கள் என்று. அவர் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, சனம் கூடுற நாள். திங்கட்கிழமை பாப்பம் ஐயா" என்றார்.

இந்த மடலை எழுத வைத்தது அந்தத் திங்கட்கிழமைதான்.

மாடு கத்துவது மாதக்கணக்கான விஷயம் இல்லை. மணிக்கணக்கான விஷயம். ஒரு பசுவோ நாகுவோ சராசரி இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை இந்தப் பருவத்துக்கு வரும். பதினெட்டு நாளிலும் வரலாம், இருபத்துநாலு நாளிலும் வரலாம். வந்தால் அந்தப் பருவம் நிற்பது பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலம். நம் நாட்டு மாட்டு இரத்தம் கூடியதென்றால் அதிலும் குறைவு. பருவம் அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் முட்டை வெளிவரும். வந்த முட்டை அரை நாள் தாங்காது. ஆகவே வெள்ளி காலையில் கத்துகிற மாட்டுக்கு வெள்ளி பின்னேரம் ஊசி, வெள்ளி பின்னேரம் கத்தத் தொடங்கினால் சனி விடியற்காலை ஊசி. நாங்கள் வேலை பழகிய நாளிலிருந்து இதுதான் கணக்கு. திங்கட்கிழமை வருகிற வைத்தியருக்கு அந்தக் கொட்டிலில் செய்ய எதுவும் இல்லை.

தம்பியிடம் மேலும் விசாரித்தேன். அந்த நாகு ஒரு வயதில் யாரோ தங்கள் தாயின் ஆண்டுத் திவசத்துக்குத் தானமாகக் கொடுத்தது. வந்து இரண்டு வருடமாகிறது. ஒன்றரை வயதில் அது ஊசிக்குத் தயாராகியிருக்கும் என்று வைத்தால், இந்த ஒன்றரை வருடத்தில் இருபத்தாறு தடவை கத்தியிருக்கிறது. இருபத்தாறு தடவையும் அதற்கு வாழைப்பழம் கொடுத்திருக்கிறோம்.

உங்கள் பக்தியில் நான் குறை காணவில்லை. இந்தக் கொழும்பில், காணி விலை இப்படி இருக்கும்போது, ஒரு மாட்டுக்கு நாலு முழ இடம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிது. ஆனால் பசு பால் தருவது அது தாயாவதால். கன்று இல்லாமல் பால் இல்லை. கன்று வேண்டுமென்றால் யாராவது ஒருவர் காலையிலும் மாலையிலும் அதன் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பூசையில் தொடுகிற அதே இடத்தைத்தான்.

ஊரில் இதைப் பார்க்கத் தனி ஆள் தேவைப்படவில்லை. பட்டியில் பத்து மாடு நின்றால் ஒன்று கத்தும்போது மற்றது அதன்மேல் தாவும். தாவும்போது விலகாமல் நிற்கிற மாடுதான் பருவத்தில் இருக்கிற மாடு. தூரத்தில் போகிறவனுக்கும் தெரியும். கொழும்புக் கோயிலில் ஒற்றை மாடு. தாவ வேறு மாடில்லை. தரை சீமெந்து, கழுவிக் கழுவி வழுக்குகிறது. வழுக்குகிற தரையில் எந்த மாடும் துள்ளாது. அத்தோடு இந்த ஊர்ப் புழுக்கம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பருவத்தின் அடையாளம் மங்கும், நேரமும் சுருங்கும். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் வெளியே தெரியும். அந்த நேரம் கோயில் பூட்டியிருக்கும். ஊமையாகவே பருவம் வந்து போகிற மாடுகளும் உண்டு.

அதனால் ஒற்றை மாட்டில் சின்னச் சின்ன அடையாளங்களைத்தான் தேட வேண்டும். அந்தக் கண்ணாடி வழும்பு, வாலில் காய்ந்திருந்தாலும் தெரியும், மயிர் பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும். அறை, அதாவது பிறப்புறுப்பின் வாய், சற்றே வீங்கி உட்புறம் சிவந்திருக்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சலம் பெய்யும். கறக்கிற பசுவென்றால் அன்று பால் குறையும். காது நிமிர்ந்து, வருகிறவர் போகிறவரை எல்லாம் திரும்பிப் பார்க்கும். இதில் எதையும் காணாமல் விட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வாலில் இரத்தம் கண்டால் பயப்பட வேண்டாம். பருவம் வந்து போய்விட்டது என்பதற்கான அடையாளம் அது. அன்றைய திகதியைச் சுவரில் எழுதுங்கள். அதிலிருந்து பதினெட்டாம் பத்தொன்பதாம் நாள் அடுத்தது.

அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் சினை ஊசிச் சேவை உண்டு. விந்துக் குழாய்கள் மறை 196 பாகை செல்சியஸில், திரவ நைதரசனில் இருக்கும். எடுத்து வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடமளவு வைத்து, கருப்பையின் வாயைத் தாண்டியவுடன் விடுவார்கள். நல்ல கையும் சரியான நேரமும் சேர்ந்தாலும் முதல் ஊசியில் நிற்பது ஏறத்தாழப் பாதிதான். "ஊசி போட்டும் நிற்கவில்லை, மலட்டு மாடு" என்று ஒரே ஊசியோடு கைவிட்ட ஆலயங்களை எனக்குத் தெரியும். இருபத்தோராம் நாள் மறுபடி பாருங்கள். கத்தவில்லை என்றால் நம்பிக்கை. இரண்டு மாதம் கழிந்து வைத்தியர் கைவிட்டுப் பார்த்துச் சொன்னால்தான் உறுதி. சினை மாடும் சிலவேளை கத்தும். பார்க்காமல் அதற்கு இன்னொரு ஊசி போட்டால் உள்ளே இருக்கிற கரு கலைந்துபோகலாம். ஆகவே அந்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

இனி நந்திக் கன்றின் கதை. இதைச் சொல்ல எனக்கு மனம் வலிக்கிறது.

வேறொரு ஆலயம். பசு ஈன்ற நாம்பன் கன்றை, அதாவது ஆண் கன்றை, நந்தி என்று வைத்துக்கொண்டார்கள். அடுத்த கொட்டிலே இல்லை, அதே கொட்டிலில். பக்கத்தில் ஒரு நாகுக் கன்று, அது தானமாக வந்தது, இரண்டும் சேர்ந்து துள்ளுவதைப் பார்க்க வருகிற பிள்ளைகளுக்குச் சந்தோஷம். நாம்பன் ஒன்பது பத்து மாதத்தில் சினைப்படுத்துகிற நிலைக்கு வந்துவிடும். நாகுவுக்கும் தீனி நன்றாக இருந்தால் அந்த வயதையொட்டியே பருவம் வரலாம். யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தபோது அந்தப் பிள்ளை மாடு மடைப்பள்ளிச் சுவரோரம் படுத்து முக்கிக்கொண்டிருந்தது. இரண்டு முன்குளம்பும் வெளியே, தலை உள்ளே. இடுப்பெலும்பு கன்றை விடவில்லை. வைத்தியர் வந்து சேர ஒன்றரை மணித்தியாலம். எண்ணெய் தடவிக் கையை விட்டேன். கன்றின் நாக்கு என் விரலில் பட்டது. முதலில் அது என் விரலைச் சூப்பப் பார்த்தது. பிறகு நின்றுவிட்டது. இழுத்தெடுத்தபோது உயிர் இல்லை. தாய் நாலு நாள் எழும்பவில்லை. ஐந்தாம் நாள் பின்கால் இழுபட எழும்பியது.

ஆறு மாதமானதும் நாம்பனையும் நாகுவையும் பிரித்துக் கட்டுங்கள். அண்ணன், தங்கை, தாய், மகன் என்று ஒரே இரத்தம் சேர்வது இன்னொரு கேடு. நாகுவுக்கு ஊசி போடும் நாளை வயதை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். வளர்ந்தால் எவ்வளவு நிறை வருமோ அதில் நூற்றுக்கு அறுபதாவது வந்திருக்க வேண்டும். தாய் 350 கிலோ என்றால் நாகு 210 கிலோ. தராசு வேண்டாம், நெஞ்சுச் சுற்றை நாடாவால் அளந்து நிறை கணக்கிடும் வழி அலுவலகத்தில் தெரியும். முதல் ஊசிக்குச் சிறிய கன்று போடும் காளையின் விந்தைக் கேளுங்கள். பெண்கன்றுக்கென்று பிரித்த விந்தும் உலகில் உண்டு, அதில் பத்தில் ஒன்பது பெண்ணாக வரும். கிடைக்குமா என்று விசாரியுங்கள். பிறக்கிற நாம்பன் கன்றுகள் எல்லாவற்றையும் கோயிலால் வைத்திருக்க முடியாது. வெளியே கொடுத்தால் அவை எங்கே போய் முடிகின்றன என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரட்டைக் கன்று பற்றியும் ஒரு சொல். நாம்பனோடு இரட்டையாகப் பிறந்த நாகுக் கன்றை அதிர்ஷ்டம் என்று கோயிலுக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வயிற்றில் இருக்கும்போதே இரண்டின் இரத்தமும் கலந்து, நாகுவின் கருப்பை சரியாக உருவாகாமல் போய்விடும். பத்தில் ஒன்பதுக்கும் மேல் கன்று தரிக்காது. அதை அன்போடு வைத்திருங்கள், ஆனால் பரிகாரம் செய்து காத்திருக்க வேண்டாம்.

இப்போது நான் மிகவும் கெஞ்சிக் கேட்க வந்த இடம். கன்றுத்தாச்சிப் பசுவைக் கடைசி நாள்வரை கறக்காதீர்கள்.

ஒரு பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 முதல் 285 நாள். நம் தாய்மாரின் கணக்கைவிட ஒரு சில நாள்தான் வித்தியாசம். ஜனவரி 15, தைப்பொங்கலன்று ஊசி நின்றால் ஒக்டோபர் 25 ஐ ஒட்டிக் கன்று வரும். அதிலிருந்து இரண்டு மாதம் பின்னால் எண்ணினால் ஓகஸ்ட் கடைசி வாரம். அன்றோடு கறவையை நிறுத்த வேண்டும். கடைசி மூன்று மாதத்தில்தான் கன்று வேகமாக வளர்கிறது. மடி ஓய்ந்து, புதுத் திசு கட்டி, ஈன்றவுடன் வரும் முதற்பாலான கடும்புப்பால் ஊறுவதும் அந்தக் கடைசி வாரங்களில்தான். தாயின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு நோயெதிர்ப்புச் சக்தி வந்து சேர்வதில்லை. பிறந்த பிறகு கடும்புப்பாலில்தான் வருகிறது. அந்தப் பாலை முன்கூட்டியே கறந்து அபிஷேகத்துக்கு ஊற்றினால் பிறக்கிற கன்றுக்கு என்ன இருக்கிறது?

"ஐயா, தினசரி அபிஷேகம் நிற்கக்கூடாதே" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த கவலை உண்மையானது, அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். இரண்டு மாதம் கடையில் வாங்கிய பாலை ஊற்றுங்கள். வயிற்றுக் கன்றின் பங்கை எடுத்து என் தலையில் ஊற்று என்று எந்தச் சிவனும் கேட்கமாட்டார். ஒரு குருக்கள் ஐயா இதைக் கேட்டதும் கண்கலங்கினார். அடுத்த நாளே நிறுத்தினார். அந்தப் பசு பிறகு ஈன்ற நாகு இப்போது ஒரு வயது தாண்டி நிற்கிறது.

அந்த இரண்டு மாதமும் தீனியிலும் கவனம் வேண்டும். பக்தர்கள் கொண்டுவரும் பொங்கலும், மோதகமும், சீப்புச் சீப்பாக வாழைப்பழமும் மாட்டுக்கு நல்லதில்லை. வயிறு புளித்துப்போகும். கொழுத்த மாடு சினையும் பிடிக்காது, ஈனும்போதும் அவதிப்படும். கினிப்புல், சீ.ஓ.3 என்கிற தீவனப்புல், அளவான தவிடு, புண்ணாக்கு, தாதுப்பொடி, எந்த நேரமும் நல்ல தண்ணீர். திருவிழா வெடிச் சத்தத்திலிருந்தும் வழுக்கும் வீதியில் ஊர்வலம் போவதிலிருந்தும் அதை விலக்கி வையுங்கள்.

ஈனுகிற நாள் கிட்டும்போது மடி இறுகும், வால் அடியின் இருபுறமும் குழி விழும். தண்ணீர்க்குடம் உடைந்தால் முன்கால் இரண்டும் அதன்மேல் மூக்கும் வரவேண்டும். இரண்டு மணித்தியாலம் முக்கியும் முன்னேற்றம் இல்லையென்றால் வைத்தியரைக் கூப்பிடுங்கள், ஆள் சேர்த்து இழுக்காதீர்கள். கன்று விழுந்ததும் மூக்கையும் வாயையும் துடைத்து, தொப்புளுக்கு மருந்து வைத்து, முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் கடும்புப்பாலை வயிறு நிறையக் குடிக்க விடுங்கள். எங்களூரில் இளங்கொடியை, அதாவது கன்றுக்குப் பின் விழும் நஞ்சுக்கொடியை, சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவோம். என் அம்மா விளக்கைக் கையில் பிடித்தபடி அது விழும்வரை கொட்டிலில் குந்தியிருப்பார். நாய் இழுத்துப் போகாமலிருக்க என்பார். இன்று யோசித்தால், கொடி விழுந்துவிட்டது என்று கண்ணால் கண்டு உறுதி செய்யவும் அந்த வழக்கம் உதவியிருக்கிறது. பன்னிரண்டு மணித்தியாலம் தாண்டியும் விழாவிட்டால் வைத்தியரிடம் சொல்லவேண்டும். கொழும்பில் ஆலமரம் தேட வேண்டாம், ஆழமாகப் புதையுங்கள். ஆனால் அம்மா மாதிரி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஈன்ற பசு படுத்து, காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடந்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. ஜேர்சிக்கு இது அதிகம். அன்றைக்கே ஊசி போட்டால் பிழைக்கும்.

தானம் கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் அழகாக இருக்கிறதென்று கறுப்பு வெள்ளைப் பெரிய சீமை நாகுகளைத் தேடாதீர்கள். குளிர்தேச மாடு நம் கரையோரப் புழுக்கத்தில் மூச்சிரைத்து நிற்கும், சினையும் பிடிக்காது. 2017 இல் அரசின் திட்டத்தில் கப்பலில் வந்த சினை நாகுகளை வாங்கிய பண்ணையாளர் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்ததுதானே. ஜேர்சிக் கலப்போ சாகிவால் கலப்போ போதும். அதையும்விட, ஏற்கெனவே மாடு நிற்கிற ஆலயத்துக்கு இன்னொரு நாகுவைக் கொண்டுபோய்க் கட்டுவதைவிட, நிற்கிற மாட்டுக்கு ஆறு மாதப் புல்லைப் பொறுப்பெடுங்கள். தரைக்கு இறப்பர் விரிப்புப் போட்டுக் கொடுங்கள். கொட்டில் தம்பியின் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள். அதுவும் கோதானம்தான் என்று என் மனம் சொல்கிறது.

சபையாரிடம் நான் கேட்பது ஒரு கொப்பியும் ஒரு ஆளும். கொப்பியில் மாட்டின் பெயர், கத்திய திகதி, ஊசி போட்ட திகதி, சினை பார்த்த திகதி, கறவை நிறுத்த வேண்டிய திகதி, ஈனும் திகதி. ஆள் என்பது அந்தக் கொட்டில் தம்பியேதான், வேறு ஒருவரும் வேண்டாம். ஆனால் அவன் விடியற்காலை ஐந்து மணிக்கு வழும்பைக் கண்டால், யாரிடமும் அனுமதி கேட்காமல் நேரே அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்கும் உரிமையை அவனுக்குக் கொடுங்கள். கூட்டத்தில் பேசித் தீர்மானம் எடுக்கும்வரை முட்டை காத்திராது. வார இறுதியிலும் விடுமுறையிலும் யாரை அழைப்பது என்று முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டு, அந்த இலக்கத்தைக் கொட்டில் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். அவனுக்குப் பார்க்கப் பழக்க வேண்டுமென்றால் நான் வருகிறேன். முதல் பஸ்ஸுக்கே வருவேன், எந்த ஆலயமானாலும் சரி. எனக்கு ஒரு பிளேன்ரீ போதும்.

அந்த மான்நிற நாகு நிற்கிற ஆலயத்தார் இதை வாசித்தால், தங்களைத்தான் சொல்கிறேன் என்று அவர்களுக்கு விளங்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நான் நாள் எண்ணிக்கொண்டு வருகிறேன். நேற்றோடு பதினாறு. வருகிற செவ்வாய்க்கிழமையிலிருந்து ஐந்தாறு நாளைக்கு, காலையில் நடை திறக்க முன்னும் இரவு நடை சாத்திய பின்னும், கறுப்புக் கயிறு கட்டிய அந்த நாகுவின் வாலை யாராவது ஒருவர் விலக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.